இரவற் பெயரில் எழுந்த மாளிகை

இரவல் சேலையை நம்பி இடுப்புச் சேலையை எறிந்தவளின் கதையை நம் பாட்டிமார் சொல்லக் கேட்டிருக்கிறோம். வர்த்தக உலகிலும் அத்தகைய கதைகள் உண்டு. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் 1990ஆம் ஆண்டிற் பிறந்து, 2013ஆம் ஆண்டில் ஏலத்தில் மறைந்த ரி.எச்.கியூ. என்னும் வீடியோ விளையாட்டு வெளியீட்டு நிறுவனத்தின் வரலாறு அவற்றுள் ஒன்று. பெற்றோருக்கும் மாணவருக்கும் படிப்பினை தருவதாகையால் அதனை இங்கு சுருக்கமாக எடுத்துரைக்க விழைகிறோம்.

குத்தகைக் காணி

திரைப்படத்திலோ தொலைக்காட்சியிலோ புகழ்பெற்ற ஒரு பாத்திரத்தை வைத்து விளையாட்டு ஒன்றைத் தயாரிக்க வேண்டுமாயின், அப்பாத்திரத்தின் சொந்தக்காரரிடம் உரிமை பெறல் வேண்டும். அதற்கு முற்பணமும் விற்பனையில் ஒரு பங்கும் கொடுக்க வேண்டும். உரிமைக்குத் தவணையும் உண்டு. சுருங்கச் சொன்னால், இது குத்தகைக் காணியிற் பயிர் செய்வதை ஒத்தது. விளைச்சல் பயிரிட்டவனுக்கு, காணியோ என்றும் மற்றவனுக்கு.

இம்முறையில் ஒரு வசதி உண்டு. புதிய பெயரொன்றை மக்கள் மனத்திற் பதிய வைக்கும் சிரமம் இல்லை. பெட்டியின் மேலுள்ள படத்தைக் கண்டதும் பிள்ளை கையை நீட்டும். ஆனால் ஓர் ஆபத்தும் உண்டு. படம் திரைக்கு வரும் நாளில் விளையாட்டும் கடைக்கு வந்தாக வேண்டும். 1982இல் அட்டாரி கம்பனி "ஈ.ரி." படத்துக்கான விளையாட்டை ஏறத்தாழ ஐந்தே வாரங்களில் தயாரிக்கச் செய்தது. விற்காமற் குவிந்த சரக்கில் ஒரு பகுதி, 1983இல் நியூ மெக்சிக்கோ மாநிலத்து அலமகோர்டோ நகரில் மண்ணுள் புதைக்கப்பட்டது. 2014இல் அந்த இடத்தைத் தோண்டியபோது பெட்டிகள் வெளிவந்தன.

தோற்றமும் ஏற்றமும்

ரி.எச்.கியூ. நிறுவனத்தைத் தொடங்கியவர் ஜாக் பிரீட்மன் என்னும் விளையாட்டுப் பொருள் வர்த்தகர். 1970இல் எல்.ஜே.என். என்ற பொம்மைக் கம்பனியை நிறுவிய அனுபவம் அவருக்கு இருந்தது. "பொம்மைத் தலைமையகம்" என்று பொருள்படும் ஆங்கிலத் தொடரின் சுருக்கமே புதிய கம்பனியின் பெயராயிற்று. தொடக்கத்தில் பொம்மைகளும் விற்றது. 1994இல் அவற்றைக் கைவிட்டு, வீடியோ விளையாட்டிலேயே முழுக் கவனமும் செலுத்தலாயிற்று. பிரீட்மன் விலகிச் சென்று 1995இல் ஜாக்ஸ் பசிபிக் என்னும் வேறொரு கம்பனியை ஆரம்பித்தார். அவ்வாண்டே பிரையன் பாரெல் ரி.எச்.கியூ.வின் தலைமைப் பொறுப்பை ஏற்றார்.

செல்வம் கொழித்தது மல்யுத்தத்தினால். 1997 முதல் டபிள்யூ.சி.டபிள்யூ. என்னும் மல்யுத்தக் குழுவின் பெயரில் வந்த விளையாட்டுகள் பெரும் வரவேற்பைப் பெற்றன. ஆனால் காணிக்காரர் சும்மா இருப்பாரா? 1999இல் அவ்வுரிமை எலெக்ட்ரோனிக் ஆர்ட்ஸ் கம்பனிக்குக் கைமாறிற்று. பாரெல் சோர்ந்துவிடவில்லை. பிரீட்மனின் புதிய கம்பனியோடு கூட்டுச் சேர்ந்து, போட்டிக் குழுவான டபிள்யூ.டபிள்யூ.எப். அமைப்பின் உரிமையை அதே ஆண்டிற் பெற்றார். அதுகாறும் அவ்வுரிமையை வைத்திருந்த அக்ளேம் நிறுவனம் 2004இல் வங்குரோத்தாயிற்று. ஒருவன் இழந்த குத்தகை மற்றவனுக்கு வாழ்வாயிற்று.

சிறுவர்களையும் ரி.எச்.கியூ. மறக்கவில்லை. நிக்கலோடியன் தொலைக்காட்சியின் பாத்திரங்களும், பிக்சார் நிறுவனத்தின் "நீமோ", "கார்ஸ்" முதலிய திரைப்படங்களும் அதன் வெளியீடுகளாயின. அதே வேளை, வொலிஷன், ரெலிக் என்னும் தயாரிப்புக் கூடங்களை விலைக்கு வாங்கிச் சொந்தப் படைப்புகளையும் வெளியிட்டது. 2006இல் வந்த "செயின்ற்ஸ் ரோ", "கம்பனி ஒவ் ஹீரோஸ்" என்பன அவ்வாறு பிறந்தவையே.

சரிவு

காலம் மாறியது. 2006இல் பிக்சாரை விலைக்கு வாங்கிய டிஸ்னி, 2010இல் "ரோய் ஸ்ரோரி 3" விளையாட்டைத் தானே வெளியிட்டது. காணிக்காரரே கலப்பையைக் கையிலெடுத்துவிட்டார். போதாக்குறைக்குக் கைத்தொலைபேசியில் இலவசமாகவும் சொற்ப விலைக்கும் விளையாட்டுகள் வந்து குவிந்தன. படத்தின் பெயருக்காக நாற்பது ஐம்பது டொலர் கொடுக்கப் பெற்றோர் தயங்கினர்.

இத்தருணத்தில் நிறுவனம் ஒரு சூதாட்டம் ஆடிற்று. தொலைக்காட்சித் திரையிற் பிள்ளைகள் சித்திரம் வரைவதற்கான "யூடிரோ" என்னும் பலகையை 2010இல் நின்டென்டோவின் "வீ" பெட்டிக்காக வெளியிட்டது. அது நன்கு விற்றது. அவ்வெற்றியில் மயங்கி, 2011இல் மற்ற இரு பெட்டிகளுக்கும் அதனைப் பெருமளவிற் செய்வித்தது. அப்பெட்டிகளை வைத்திருந்தோர் பெரும்பாலும் வளர்ந்தவர்கள். சித்திரப் பலகை அவர்களுக்கு எதற்கு? 14 இலட்சம் பலகைகள் விலைபோகாமற் கிடந்தன. எதிர்பார்த்த வருமானத்தில் ஏறத்தாழ 10 கோடி டொலர் குறைந்தது. ஆகவே இரவற் பெயரே இந்நிறுவனத்தை வீழ்த்தியது என்று முடிவுகட்டுதல் நியாயமன்று. குத்தகை வருமானம் வற்றிய வேளையிற் கைமுதலைச் சூதில் வைத்ததே வினையாயிற்று.

2012 ஜனவரியில் சிறுவர்க்கான உரிமை விளையாட்டுகளை விட்டொழிப்பதாக அறிவித்தது. அவ்வாண்டு டிசம்பரில் வங்குரோத்து மனுவும் சமர்ப்பிக்கப்பட்டது. 2013 ஜனவரியில் ஏலம் நடந்தது. ரெலிக் கூடத்தை ஏறத்தாழ 2 கோடி 66 இலட்சம் டொலருக்குச் சேகா கம்பனியும், வொலிஷனை ஏறத்தாழ 2 கோடி 23 இலட்சம் டொலருக்குக் கொக் மீடியா கம்பனியும் எடுத்தன. மல்யுத்த உரிமையோ ரேக்-ரூ கம்பனியிடம் போயிற்று. ரெக்சஸ் மாநிலத்து விஜில் என்னும் கூடத்தைக் கேட்பாரில்லை. அங்கு உழைத்தோர் தங்கள் பொருள்களைப் பெட்டியிற் கட்டிக்கொண்டு வீடு திரும்பினர். ஏலக் கணக்கில் ஒரு வரியாக முடிந்தது, எத்தனையோ குடும்பங்களின் சோறு என்பதை நாம் மறக்கலாகாது.

பெயர் மட்டும் பிழைத்தது

வேடிக்கை யாதெனில், மற்றவர் பெயரை வாங்கி வாழ்ந்த நிறுவனத்தின் பெயரே பின்னர் விலைப்பொருளாயிற்று. 2014இல் நோர்டிக் கேம்ஸ் கம்பனி அப்பெயரை வாங்கியது, 2016இல் தன்னையே "ரி.எச்.கியூ. நோர்டிக்" என அழைத்துக்கொண்டது. 2003இல் பழைய நிறுவனம் வெளியிட்ட "ஸ்பொஞ்ச்பொப்" விளையாட்டு ஒன்றை 2020இல் புதுப்பித்தும் வெளியிட்டது.

மாணவர்களே, இரவல் வாங்குதல் இழிவன்று. குத்தகைக் காணியில் உழைத்துச் சொந்தக் காணி வாங்கிய கமக்காரர் பலர் உளர். விளைச்சலுள்ள காலத்திலேயே நமக்கெனச் சிறிது நிலம் தேடிக்கொள்ள வேண்டும் என்பதே பாடம். பெற்றோர்க்கும் ஒரு வார்த்தை: பிள்ளை கேட்கும் பெட்டியின் மேல் யாருடைய முகம் இருக்கிறது என்று மட்டும் பாராது, உள்ளே இருப்பது என்ன என்றும் பார்த்து வாங்குவோமாக.