குளோரினுக்கு அசையாத குடல் ஒட்டுண்ணி

2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் பட்டியலின மக்கள் வாழும் பகுதிக் குழந்தைகள் அடுத்தடுத்து வாந்தி, வயிற்றுப்போக்கு என்று ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். குடிதண்ணீர் மீது மருத்துவர்களுக்குச் சந்தேகம் எழுந்தது. 26ஆம் தேதி ஊர்க்காரர்கள் மேல்நிலைத் தொட்டியில் ஏறிப் பார்த்தபோது, உள்ளே மனிதக் கழிவு கிடந்தது.

வழக்கு சிபிசிஐடி வரை போனது. அது தனிக் கதை. கழிவு கலந்த தண்ணீரில் உடம்புக்குள் என்னென்ன நுழையும் என்பது எல்லா ஊருக்கும் பொருந்தும் கேள்வி.

காலரா, டைபாய்டு கிருமிகளை நாம் அறிவோம். மஞ்சள் காமாலை வைரஸையும் அறிவோம். அதிகம் பேசப்படாதவை குடலில் தங்கும் ஒட்டுண்ணிகள்: அமீபா, ஜியார்டியா, கிரிப்டோஸ்போரிடியம். நோயாளியின் மலத்தில் இவற்றின் முட்டை போன்ற கூடுகள் வெளியேறி, தண்ணீரிலோ கழுவாத கீரையிலோ கைவிரலிலோ ஒட்டிக்கொண்டு அடுத்தவர் வயிற்றுக்குப் போகின்றன.

கிரிப்டோஸ்போரிடியத்தின் கூடு சுமார் 5 மைக்ரான்தான். பத்துக் கூடுகள்கூட நோய் தரப் போதும். நீச்சல் குளத்திலும் தொட்டியிலும் வழக்கமாகப் போடும் குளோரின் அளவில் அது பல நாள் பிழைத்திருக்கும்.

1993இல் அமெரிக்காவின் மில்வாக்கி நகரம் இதைக் கண்கூடாகப் பார்த்தது. மிச்சிகன் ஏரித் தண்ணீரை வடிகட்டி, குளோரின் கலந்து, அன்றைய தரவிதிகளுக்கு உட்பட்டே குழாயில் விட்டார்கள். ஆனால் வடிகட்டலில் குறை நேர்ந்தது. சுமார் 4 லட்சம் பேருக்கு வயிற்றுப்போக்கு வந்தது. எய்ட்ஸ் நோயாளிகள் பலர் இறந்தனர்.

நம் பக்கத்தில் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் 176 குழந்தைகளை இரண்டு வயது வரை தொடர்ந்து கவனித்தார்கள். ஒரு பகுதியினருக்குப் பாட்டில் தண்ணீரே கொடுக்கப்பட்டது. முடிவு எதிர்பாராதது. மூன்றில் இரண்டு பங்குக் குழந்தைகளுக்கு இந்த ஒட்டுண்ணி தொற்றியது. பாட்டில் தண்ணீர் குடித்தவர்களும் தப்பவில்லை. குடிக்கும் தண்ணீரை மட்டும் சுத்தமாக்கினால் போதாது. தெருவும் வீட்டுவாசலும் கையும் அழுக்காக இருந்தால் ஒட்டுண்ணிக்கு வேறு வழிகள் திறந்தே இருக்கும்.

குடற்புழு நீக்க நாளில் பள்ளியில் தரும் அல்பெண்டசோல் மாத்திரை உருண்டைப் புழு போன்றவற்றுக்கானது. கிரிப்டோஸ்போரிடியத்தை அது அழிக்காது. நல்ல உடம்புக்கு நோய் தானாகவே ஒன்றிரண்டு வாரத்தில் அடங்கிவிடும். கைக்குழந்தைகளும் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களும்தான் நீரிழந்து ஆபத்தை எட்டுவார்கள். அவர்களுக்கு உடனே ஓஆர்எஸ் கரைசல் கொடுக்க வேண்டும். போக்கு நிற்காவிட்டால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போவதில் தாமதம் கூடாது.

தற்காப்புக்குச் செலவு அதிகமில்லை. தண்ணீர் தளதளவெனக் கொதித்து ஒரு நிமிடம் கடந்தால் இந்த ஒட்டுண்ணி செத்துப்போகும். ஆறிய தண்ணீரை மூடிய பாத்திரத்தில் வையுங்கள். மலம் கழித்த பின்னும், குழந்தைக்குக் கால் கழுவிவிட்ட பின்னும், சமைக்கும் முன்னும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். உங்கள் ஊர்த் தொட்டிக்கு மூடியும் பூட்டும் இருக்கின்றனவா, கடைசியாக எப்போது கழுவினார்கள் என்று அடுத்த கிராம சபைக் கூட்டத்தில் கேளுங்கள்.