புதிய 4கே டிவியில் பழைய நிகழ்ச்சிகள் மங்கலாகத் தெரிவது ஏன்?

கராடி (புனே): பெரிய திரை 4கே தொலைக்காட்சி வாங்கியவர்கள் பலருக்கும் முதல் நாளிலேயே ஓர் ஐயம் எழுகிறது. பழைய டப்பா டிவியில் தெளிவாக இருந்த அதே எஸ்டி சேனல், இதில் மங்கலாகத் தெரிவது ஏன்? பழி பெரும்பாலும் கேபிள்காரர் மீது விழுகிறது. உண்மையான காரணம் வேறு.

இந்தியா பின்பற்றிய பால் முறையில் 625 கோடுகள். அவற்றில் படத்துக்குரியவை 576. டிஜிட்டல் வடிவில் இது 720-க்கு 576, அதாவது 4,14,720 புள்ளிகள். 4கே திரையிலோ 82,94,400 புள்ளிகள் உள்ளன. சரியாக 20 மடங்கு. ஒவ்வொரு 20 புள்ளிகளிலும் 19-ஐத் தொலைக்காட்சியே ஊகித்து நிரப்புகிறது.

பழைய படக்குழாய்க்கு இந்த ஊகம் தேவைப்படவில்லை. வந்த கோடுகளை எலக்ட்ரான் கற்றை அப்படியே வரைந்தது. ஒளிர்வு சற்றே பரவி, குறைகளை மறைத்தது.

மேலும், எஸ்டி ஒளிபரப்பில் விநாடிக்கு 50 அரைப்படங்கள் வருகின்றன. ஒற்றைப்படைக் கோடுகள் ஒருமுறை, இரட்டைப்படைக் கோடுகள் மறுமுறை. புதிய திரை இவ்விரண்டையும் இணைத்தே காட்ட முடியும். இடைப்பட்ட 50-இல் ஒரு பங்கு விநாடியில் கிரிக்கெட் பந்து நகர்ந்துவிடுவதால், இணைப்பு பிசகினால் ஓரங்களில் சீப்புப் பற்கள் போன்ற கோடுகள் தோன்றும். குறைந்த அலைவரிசையில் பல சேனல்களை அடக்க, படத்தை அதிகம் சுருக்கினால் கட்டம் கட்டமாகவும் உடையும்.

இதில் வியப்பான ஒன்று உண்டு. 1964-இல் வெளியான 'கர்ணன்' திரைப்படம், 1980-களின் தொலைக்காட்சித் தொடர்களைவிடத் தெளிவாகத் தெரியக்கூடும். படச்சுருளில் நுண்விவரங்கள் மிகுதி. அதை மீண்டும் உயர்தரத்தில் ஸ்கேன் செய்யலாம். புனேயில் அதே 1964-இல் தொடங்கப்பட்ட தேசிய திரைப்பட ஆவணக் காப்பகம் பாதுகாத்துவரும் செல்வம் இதுவே. வீடியோ நாடாவில் பதிவான தொடர்களுக்கு அந்த வாய்ப்பில்லை. 576 கோடுகளுக்கு மேல் அவற்றில் எதுவும் பதிவாகவே இல்லை. எச்டி சேனலுக்குக் கூடுதல் கட்டணம் செலுத்தினாலும் இது மாறாது.

வீட்டிலேயே செய்யக்கூடியது சிறிதளவு உண்டு. 'ஷார்ப்னஸ்' அளவைக் குறைத்தால் முகங்களைச் சுற்றிய வெண்கோடு மறையும். பட விகிதத்தை 4:3 என மாற்றினால், பழைய தொடர்களின் நடிகர்கள் அகலமாகத் தெரியமாட்டார்கள். இருபுறமும் கறுப்புப் பட்டை வரும். அது டிவியின் கோளாறு அல்ல.