ரயில் கழுவிய நீரிலிருந்து எண்ணெயைப் பிரிப்பது எப்படி?

சென்னைக் கடற்கரை - தாம்பரம் தடத்தில் 1931 முதல் மின்சார ரயில் ஓடுகிறது. அதற்கு டீசல் தேவையில்லை. ஆனால் பற்சக்கரம், பேரிங், கம்ப்ரசருக்கு எண்ணெயும் கிரீசும் வேண்டும். பணிமனையில் பாகங்களைக் கழுவும்போது இவை நீரில் கலக்கின்றன.

ஏன் பிரிக்க வேண்டும்?

மெல்லிய எண்ணெய்ப் படலம்கூட நீருக்குள் ஆக்சிஜன் கரைவதைக் குறைக்கும். தென்சென்னை ஏரிகள் ஒன்றோடொன்று இணைந்தவை. கீழ்க்கட்டளை ஏரியின் உபரிநீர், நாராயணபுரம் ஏரி வழியாக, 2022இல் ராம்சர் (பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலம்) தகுதி பெற்ற பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தை அடைகிறது. இத்தகைய ஊரில் ஓரிடத்து மாசு அங்கேயே நிற்காது. நீர்நிலையில் விடும் கழிவுநீரில் எண்ணெயும் கிரீசும் லிட்டருக்கு 10 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்பது இந்திய விதி.

எப்படிப் பிரிக்கிறார்கள்?

முதலில் தொட்டியில் நீரை மெதுவாக நகரவிடுவார்கள். நீரைவிட லேசான எண்ணெய் மேலே வரும், அதை வழித்தெடுப்பார்கள். 0.15 மி.மீ. விட்டமுள்ள துளி ஒரு மீட்டர் ஏறச் சில நிமிடங்கள் போதும். விட்டம் பத்தில் ஒரு பங்கானால் நேரம் நூறு மடங்காகும். ஏறக்குறைய அரை நாள்!

சோப்பு கலந்தால் சிக்கல் கூடும். துளிகள் ஒன்றுசேராமல், நீர் பால்போல் வெளுத்து நிற்கும். அப்போது படிகாரம் சேர்ப்பார்கள். அது துளிகளின் மின்விலக்கத்தைத் தணித்து, அவற்றைத் திரளச் செய்யும். அடியிலிருந்து விடும் நுண்காற்றுக்குமிழ்கள் அத்திரளில் ஒட்டி மேலே தூக்கிவரும்.

சோப்பை அளவாகப் பயன்படுத்தி, மழைநீர் வடிகாலைத் தனியே வைத்தால் சுத்திகரிப்பு எளிதாகும். கலந்தபின் பிரிப்பதைவிடக் கலக்காமல் காப்பதே மேல்.