நின்ற விமானத்தைவிடப் பறந்த விமானம் மேல்

அமெரிக்காவில் விமானம் ஓட்டப் பழகுபவர்கள், மணிக்கு இவ்வளவு என்று வாடகை கட்டிக் களைத்துச் சொந்தமாக ஒன்று வாங்க நினைத்தால், பெரும்பாலும் முதலில் கண்ணில் படுவது செஸ்னா 150 அல்லது 152. இருவர் மட்டுமே உட்காரக்கூடிய இந்தச் சிறு விமானத்தில்தான் உலகெங்கும் பல தலைமுறை விமானிகள் பழகினார்கள். இந்தியப் பயிற்சிப் பள்ளிகளிலும் 152 ஓடியிருக்கிறது. 150 ரகம் 1958 முதல் 1977 வரையும், 152 ரகம் 1977 முதல் 1985 வரையும் தயாராயின. இரண்டும் சேர்ந்து 30,000க்கு மேல். ஆக, இன்று விற்பனைக்கு வருகிற ஒவ்வொன்றும் ஏறத்தாழ நாற்பது வயதையோ அதற்கு மேலான வயதையோ எட்டியது.

வயது பெரிய குறையல்ல. கவலைப்பட வேண்டியது ‘அதிகம் பறக்காத விமானம்’ என்ற விளம்பரத்தைப் பார்த்துத்தான். 152இல் இருப்பது லைகாமிங் என்ஜின். அதில் வால்வுகளைத் திறந்து மூடும் கேம்ஷாஃப்ட் மேற்பக்கம் அமைந்திருக்கிறது. மாதக்கணக்கில் ஓட்டாமல் விட்டால் அதன் மேலுள்ள எண்ணெய் வடிந்துவிடும், ஈரக்காற்று பட்டுத் துரு ஏறும். பிறகு என்ஜினை ஓட்டும்போது துருவேறிய பரப்பு தேய்ந்து, இரும்புத்துகள் எண்ணெயில் கலக்கத் தொடங்கும். இதற்குத் தீர்வு என்ஜினைப் பிரிப்பதுதான். அந்தச் செலவு விமானத்தின் விலையில் பெரும்பங்கை விழுங்கிவிடும்.

இந்த ரக என்ஜினை 2,400 மணி நேரம் ஓடியதும் முழுதாகப் பிரித்துப் புதுப்பிக்கும் ஓவர்ஹால் செய்யவேண்டும் என்பது லைகாமிங்கின் பரிந்துரை. அத்தனை மணி ஓடாவிட்டாலும் 12 ஆண்டு முடிந்தால் செய்யவேண்டும் என்றும் அது சொல்கிறது. சொந்த உபயோகத்துக்கு ஓட்டுபவரை அமெரிக்கச் சட்டம் இதற்குக் கட்டாயப்படுத்துவதில்லை. அதனால், 20 ஆண்டுக்கு முன் ஓவர்ஹால் ஆகி 300 மணி மட்டும் ஓடிய என்ஜினைப் ‘புதுசு மாதிரி’ என்று ஒருவர் விற்கலாம். வாரந்தோறும் பறந்து 1,500 மணி கடந்த என்ஜினை அதைவிட நம்பலாம் என்பேன்.

என்ஜினைச் சோதித்துப் பார்க்கும் முறை எளிதுதான். மெக்கானிக் ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் 80 பிஎஸ்ஐ அழுத்தத்தில் காற்றைச் செலுத்தி, எவ்வளவு தங்குகிறது என்று அளப்பார். ஆயில் ஃபில்டரை வெட்டிப் பிரித்து இரும்புத்துகள் இருக்கிறதா என்று தேடுவார். சந்தேகம் வந்தால் கேம்ஷாஃப்டைப் பார்க்க ஒரு சிலிண்டரையே கழற்றவும் நேரலாம்.

பயிற்சி விமானத்துக்கென்றே சில தழும்புகள் உண்டு. கற்றுக்குட்டிகள் முன்சக்கரத்தைத் தரையில் மோதி இறக்குவார்கள். அந்த அடி என்ஜினுக்குப் பின்னாலிருக்கும் தீத்தடுப்புத் தகட்டில் சுருக்கங்களாகத் தெரியும். பெரிய பழுதுபார்ப்பு ஒவ்வொன்றும் படிவம் 337இல் பதிவாக வேண்டும். அந்தப் படிவங்கள் அடங்கிய கோப்பின் நகலை அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகமான எஃப்.ஏ.ஏ.விடம் யாரும் கேட்டுப் பெறலாம். அதை விமானத்தின் பராமரிப்புப் பதிவேடான லாக்புக்கோடு ஒப்பிட்டுப் பாருங்கள். லாக்புக்கில் சில ஆண்டுகள் காணாமல் போயிருந்தால், விலையைக் குறைத்தாலும் சரியாகாது.

எஃப்.ஏ.ஏ.வின் வான்தகுதி உத்தரவுகள் நிறைவேற்றப்பட்டனவா என்பதும் முக்கியம். இரண்டைக் குறிப்பாகச் சொல்லவேண்டும். ஒன்று, இருக்கை ஓடும் தண்டவாளம். அதன் துளைகள் தேய்ந்தால், விமானம் மேலெழும் நேரத்தில் இருக்கை திடீரெனப் பின்னால் சரியும், விமானியின் கை கட்டுப்பாட்டுப் பிடியையும் சேர்த்து இழுத்துவிடும். 1987இலேயே இதற்கு உத்தரவு வந்தது. மற்றொன்று சுக்கான். 1998இல் கனடாவின் கியூபெக்கில் சுழல் (ஸ்பின்) பயிற்சி செய்த ஒரு 152இன் சுக்கான் எல்லை தாண்டித் திரும்பிச் சிக்கிக்கொண்டது. 2009இல் வந்த உத்தரவின்படி புதிய தடுப்பு பொருத்த வேண்டும், இல்லையேல் ‘சுழல் பயிற்சி கூடாது’ என்று எழுதி ஒட்டவேண்டும். வெறும் அறிவிப்பு மட்டும் ஒட்டியிருந்தால், அந்த விமானத்தில் சுழல் பழக முடியாது.

எடையையும் கணக்குப் பாருங்கள். 152 அதிகபட்சம் 757 கிலோவோடு எழும்பலாம். விமானமே பெரும்பாலும் 500 கிலோவுக்கு மேல். டேங்க் நிறைய எரிபொருள் ஏறக்குறைய 70 கிலோ. ஆளுக்கு 90 கிலோ இருக்கும் இருவர் முழு டேங்க்கோடு பறப்பது பெரும்பாலான 152களில் விதிமீறலாகிவிடும்.

சோதிக்கும் மெக்கானிக் இதுவரை அந்த விமானத்தைத் தொட்டிராதவராக இருக்கட்டும், அவருடைய கூலியை நீங்களே கொடுங்கள். அவர் பார்ப்பதற்கு விற்பவர் சம்மதிக்காவிட்டால், முன்பணம் கொடுக்காமல் அடுத்த விமானத்தைத் தேடுங்கள்.