மொகல்சராய் மேடு

காசிக்குப் படிக்க வரும் தமிழ் மாணவர்களில் மொகல்சராய் நிலையத்தை அறியாதவர் இலர். 2018 முதல் அதன் பெயர் பண்டித தீனதயாள் உபாத்யாயா சந்திப்பு. பெட்டி படுக்கையுடன் அங்கே இறங்கி, கங்கைப் பாலத்தைக் கடந்து பல்கலைக் கழகம் வந்து சேர்கிறோம். ஆனால், நிலையத்தை ஒட்டிப் பல மைல் நீளம் கிடக்கும் சரக்கு யார்டை நின்று பார்ப்பவர் மிகச் சிலரே. ஒரு காலத்தில் ஆசியாவிலேயே பெரியது எனப் பேர் பெற்றது அது.

அத்தனை பெரிய யார்டு இங்கே எதற்கு? பாட்னா வழியாக வரும் இருப்புப் பாதையும், 1906-இல் திறக்கப்பட்ட கயா வழிப் பாதையும் இவ்விடத்தில்தான் கூடுகின்றன. கிழக்கே ஜரியா முதலிய சுரங்கங்களின் நிலக்கரி வடக்கே செல்ல இதுவே வாயில். அக்காலத்தில் ஒரே கூட்ஸ் வண்டியில் கான்பூருக்கு நான்கு பெட்டி, டில்லிக்கு ஆறு பெட்டி என்று கலந்து வரும். அவற்றைப் பிரித்து, ஊர்வாரியாகக் கோத்து அனுப்புவதே யார்டின் வேலை. தபாலாபீசில் கடிதம் பிரிப்பது போலத்தான். ஆனால் இங்கே ஒவ்வொரு கடிதமும் முப்பது டன்!

இதற்கெனவே ஒரு மேடு கட்டினார்கள். எஞ்சின் பின்னாலிருந்து பெட்டிகளை மேட்டின்மீது மெல்லத் தள்ளும். உச்சியில் இணைப்பைக் கழற்றிவிட்டால், பிறகு இழுப்பது புவியீர்ப்பே. மேட்டின் உயரம் 3 மீட்டர் என்று கொள்வோம். நிலையாற்றல் முழுவதும் இயக்க ஆற்றலானால், அடிவாரத்தில் வேகம் மணிக்கு ஏறத்தாழ 28 கிலோமீட்டர். இக்கணக்கில் எடைக்கு இடமில்லை, தண்டவாளத்தில் உண்டு. பளுவேறிய பெட்டி தயங்காமல் ஓடும். காலிப்பெட்டி உராய்வாலும் எதிர்காற்றாலும் நடுவழியில் நின்றுவிடக் கூடும். வேகம் மிஞ்சினால் முன்னே நிற்கும் பெட்டியில் மோதிச் சரக்கு சிதறும். கைப்பிரேக்கை அழுத்தியும், தண்டவாளத்தில் இரும்புக் கட்டை வைத்தும் அவ்வேகத்தை அடக்குவது உயிரைப் பணயம் வைத்த தொழில். இரவில் சக்கர ஒலியைக் கேட்டே பெட்டி நிறைந்ததா காலியா என்று சொல்லிவிடுவார்களாம். ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் என்னிடம் கூறினார்.

பின்னர் மேட்டின் வேலை ஏன் சுருங்கிற்று? ஓடும் நேரத்தைவிட யார்டுகளில் காத்துக் கிடக்கும் நேரமே பெட்டிகளுக்கு மிகுதியாயிருந்தது. ஆகவே 1980-களில் முழு வண்டி முறை வலுப்பெற்றது. 22 டன் அளவு சுமந்த நான்கு சக்கரப் பெட்டிக்குப் பதில், ஏறத்தாழ 60 டன் சுமக்கும் எட்டுச் சக்கரப் பெட்டி வந்தது. அத்தகைய 58 பெட்டிகள் சுரங்கத்தில் நிரம்பி, வழியில் பிரியாமலே மின்நிலையம் சேர்கின்றன. பிரிப்பதற்கு ஒன்றுமில்லாதபோது மேடு எதற்கு?

இதனால் நாட்டுக்கு விளைந்த நன்மையை மறுப்பதற்கில்லை. ஆயினும், ஒற்றைப் பெட்டி பிடித்து வெல்லமோ தானியமோ அனுப்பி வந்த சிறு வியாபாரி லாரியை நாட நேர்ந்தது. சக்கர ஒலியில் எடையை அறிந்த அறிவோ எந்தப் பாடநூலிலும் ஏறவில்லை. அதை உடையவர்கள் முதியவர்களாகிவிட்டார்கள். இந்தி நன்கு பேசக் கற்றுக்கொண்ட நண்பர்கள் ஒரு விடுமுறை நாளில் பாலத்தைக் கடந்து சென்று, அவர்களிடம் கேட்டு எழுதி வருவார்களாக. அடுத்த இதழில் அதற்கு இடம் காத்திருக்கிறது.