சோற்றைக் குறைத்தால் பசி அடங்குமா?

மாவுச்சத்தைக் குறைத்து உண்பவர்களிடம் கேட்டுப் பாருங்கள். முதல் சில நாட்கள் தலைவலியும் சோர்வுமாகக் கழிந்தன என்பார்கள். அதன் பின்னர் பசியே அவ்வளவாக எடுப்பதில்லை என்றும் சொல்வார்கள். உணவைக் குறைத்தால் பசி மிகும் என்பதன்றோ நமது பட்டறிவு? உடல் எடை குறையும்போது, இரைப்பையில் சுரந்து பசியைத் தூண்டும் 'கிரெலின்' என்ற ஹார்மோனும் வழக்கமாக மிகவே செய்கிறது. பட்டினி கிடந்து எடையைக் குறைத்தவர்கள் பழைய எடைக்கே திரும்புவதற்கு இதுவும் ஒரு காரணம்.

மாவுச்சத்து நாளொன்றுக்கு ஏறத்தாழ 50 கிராமுக்கும் கீழே இறங்கினால் நிலைமை மாறுகிறது. கல்லீரல் கொழுப்பைச் சிதைத்துக் 'கீட்டோன்' எனும் எரிபொருளை உண்டாக்குகிறது. இந்நிலையில் கிரெலினின் ஏற்றம் மட்டுப்படுகிறது. ஒரு கிண்ணச் சோற்றிலேயே நாற்பது கிராமுக்கு மேல் மாவுச்சத்து உண்டு என்பதை எண்ணினால், இந்த வரம்பு நம் சமையலறைக்கு எவ்வளவு தொலைவு என்பது விளங்கும்.

ஸ்காட்லாந்தின் அபர்தீனில் 17 பருமனான ஆண்களைக் கொண்டு நடத்தி, 2008இல் வெளியிட்ட ஆய்வு இதற்குச் சான்றாகிறது. புரதத்தின் அளவு ஒன்றாகவே இருந்தும், மாவுச்சத்து மிகக் குறைந்த உணவை உண்ட வாரங்களில் அவர்களுக்குப் பசி குறைந்தது. உண்ட அளவும் குறைந்தது.

ஆயினும், மாவுச்சத்தே குற்றவாளி என்று தீர்ப்பெழுதுவது அவசரம். அமெரிக்கத் தேசிய நலவாழ்வு நிறுவனம் 20 பேரைத் தன் மருத்துவமனையிலேயே நான்கு வாரங்கள் தங்கவைத்து, 2021இல் முடிவை வெளியிட்டது. இரு வாரங்கள் மாவுச்சத்து 10 விழுக்காடு மட்டுமே உள்ள கொழுப்பு மிகுந்த உணவு. மறு இரு வாரங்கள் 75 விழுக்காடு மாவுச்சத்துடன் கொழுப்புக் குறைந்த தாவர உணவு. விரும்பிய அளவு உண்ணலாம். தாவர உணவின்போது அவர்கள் நாளொன்றுக்கு ஏறத்தாழ 690 கலோரி குறைவாகவே உண்டனர். பசியிலோ வேறுபாடு தெரியவில்லை. நார்ச்சத்தும் நீரும் மிகுந்த உணவு, குறைந்த கலோரியிலேயே வயிற்றை நிறைத்துவிடுகிறது.

ஆகவே சோற்றை அறவே விலக்க வேண்டியதில்லை என்பதே என் கருத்து. பாதிச் சோற்றை எடுத்துவிட்டு, அந்த இடத்தைப் பொரியலாலும் பருப்பாலும் முட்டை அல்லது மீனாலும் நிரப்பினால் கீட்டோன் நிலை வராது. பசி பெரிதும் தாங்கும். சோற்றைக் குறைத்து, மாலையில் முறுக்கும் மிக்சரும் கொறிப்பவர்களைப் பற்றி என்ன சொல்ல!

நீரிழிவுக்கு மருந்து உட்கொள்பவர்களுக்கு மட்டும் ஓர் எச்சரிக்கை. இன்சுலினோ, கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ எடுத்துக்கொண்டு மாவுச்சத்தைத் திடீரெனக் குறைத்தால், இரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்குத் தாழக்கூடும். டாபாகிளிஃப்ளோசின் வகை மருந்துடன் கீட்டோன் உணவுமுறை சேர்ந்தால், சர்க்கரை மிகுதியாக ஏறாமலேயே இரத்தம் அமிலத்தன்மை அடையும் ஆபத்து உண்டு. மருந்தின் அளவை மருத்துவரிடம் கேட்டு மாற்றிய பின்னரே தட்டை மாற்றுங்கள். நடுக்கம், வியர்வை, படபடப்பு ஆகியவற்றோடு திடீரென்று கடும்பசி எழுந்தால் அதைப் பொறுத்துக்கொள்ளலாகாது. உடனே மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையை நீரில் கரைத்துப் பருகி, 15 நிமிடங்களில் இரத்தச் சர்க்கரையைச் சோதித்துப் பாருங்கள். அப்போதும் 70க்குக் கீழே இருந்தால் மீண்டும் அதே அளவு பருக வேண்டும்.