எரிமலைப் பாறைகள் காட்டும் பண்டைக் காந்தத் திசை

எரிமலைத் தீவுகளில் வெளிப்படும் குழம்பு அடுக்கின்மேல் அடுக்காக உறைந்து பாறையாகின்றது. ஐஸ்லாந்திலும் ஹவாய்த் தீவுகளிலும் இவ்வடுக்குகளை மலைச் சரிவுகளில் காணலாம். ஒவ்வோர் அடுக்கும், தான் உறைந்த காலத்தில் பூமியின் காந்தப் புலம் எத்திசையில் இருந்தது என்பதைத் தன்னுள் பதித்து வைத்துள்ளது.

குழம்பு வெளிவரும்போது அதன் வெப்பநிலை சுமார் 1,100 சென்டிகிரேடு டிகிரி இருக்கும். அந்நிலையில் அதற்கு நிலையான காந்தத் தன்மை கிடையாது. அது ஆறி ஏறக்குறைய 580 டிகிரிக்குக் கீழே வரும்போது, அதிலுள்ள மாக்னடைட் என்னும் இரும்புத் தாதுவின் நுண்மணிகள் பூமியின் புலத்தையொட்டிக் காந்தம் பெறுகின்றன. பாறை முற்றும் குளிர்ந்தபின் அத்திசை எளிதில் மாறுவதில்லை.

இத்திசையை அறிய, பாறையில் துளையிட்டுச் சிறு துண்டுகளை எடுக்கின்றனர். பாறையிலிருந்து பிரிக்குமுன் அத்துண்டு கிடந்த நிலையைக் குறித்துக்கொண்டு, பின்னர் ஆய்வுக்கூடத்தில் காந்தமானியால் அளக்கின்றனர். காந்தம் கிடைமட்டத்திற்கு எவ்வளவு சாய்ந்துள்ளது என்பதிலிருந்து அவ்விடத்தின் அட்சரேகையைக் கணக்கிடலாம். காந்தப் புலத்தின் நெடுங்காலச் சராசரிப்படி, சுமார் 20 டிகிரி வடக்கிலுள்ள ஹவாயில் இச்சாய்வு 36 டிகிரியும், 65 டிகிரி வடக்கிலுள்ள ஐஸ்லாந்தில் 77 டிகிரியும் ஆகும்.

சில பாறைகளின் காந்தம் இன்றைய புலத்திற்கு நேர் எதிராக இருப்பதை, 1906-ல் பிரான்சில் பெர்னார் புரூன் கண்டார். 1929-ல் ஜப்பானிய அறிஞர் மாட்டுயாமா இத்தகைய பாறைகள் பலவற்றை எடுத்துக் காட்டினார். 1950-களின் தொடக்கத்தில் ஹாஸ்பெர்ஸ் என்பவர் ஐஸ்லாந்தின் அடுக்குகளில் நேர்த்திசையும் எதிர்த்திசையும் மாறி மாறி வருவதைக் கண்டார். எனவே பூமியின் வட, தென் காந்த முனைகள் இடம் மாறியிருத்தல் வேண்டும் என்று கருதப்பட்டது.

ஆயினும் ஓர் ஐயம் எழுந்தது. ஜப்பானின் ஹருணா எரிமலைப் பாறையொன்றைச் சூடாக்கி ஆறவிட்டபோது, அது தானாகவே புலத்திற்கு எதிராகக் காந்தம் பெற்றது. எல்லாப் பாறைகளும் இத்தகையனவாயின், முனைகள் மாறின என்பதற்குச் சான்றே இல்லாமற் போகும். இதைத் தீர்க்க வழி ஒன்றே: புலமே மாறியிருந்தால், ஒரே வயதுள்ள பாறைகள் உலகில் எங்கிருப்பினும் ஒரே வகைத் திசையைக் காட்ட வேண்டும்.

பாறையிலுள்ள பொட்டாசியம் சிதைந்து ஆர்கான் வாயுவாகும் அளவைக்கொண்டு அதன் வயது கணிக்கப்படுகின்றது. 1963, 1964-ஆம் ஆண்டுகளில் ஹவாய்ப் பாறைகளை மக்டூகலும் டார்லிங்கும், கலிபோர்னியப் பாறைகளைக் காக்ஸ், டோயல், டால்ரிம்பிள் ஆகியோரும் இம்முறையில் ஆராய்ந்தனர். பெருங்கடலால் பிரிக்கப்பட்ட இவ்விரு இடங்களிலும் மாற்றங்களின் காலம் பெரிதும் ஒத்திருந்தது; ஐயம் நீங்கியது. கடைசி மாற்றம் சுமார் 7,80,000 ஆண்டுகளுக்கு முன் நிகழ்ந்தது.

இதன் பயன் பாரதத்திற்கும் உரியது. தக்காணத்து எரிமலைப் பாறைகள் சுமார் 6 கோடியே 60 லட்சம் ஆண்டுகளுக்கு முற்பட்டவை. அவற்றுள் பலவற்றின் காந்தம், தெற்கே சற்றுக் கிழக்காக நோக்கிக் கீழே சாய்ந்துள்ளது. வட அரைக்கோளத்தில் நேர்ப்புலம் வடக்கு நோக்கிக் கீழாகவும், எதிர்ப்புலம் தெற்கு நோக்கி மேலாகவும் அமையும். தெற்கும் கீழும் சேர்ந்து வருவது, தென் அரைக்கோளத்தில் எதிர்ப்புலம் நிலவியபோது மட்டுமே. ஆகவே அப்பாறைகள் உறைந்தபோது தக்காணம் பூமத்திய ரேகைக்குத் தெற்கே சுமார் 30 டிகிரியில் இருந்து, பின்னர் வடக்கே நகர்ந்து வந்தது என்பது தெளிவாகின்றது.